குலுக்கு அண்ணாச்சி கட்டிய பெட்டி

இரண்டு ஹெட்போன்களைக் கொன்ற பாவி நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் என் மனைவி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஆசிரியருக்குக் கடிதம் போட்டு, அடுத்த வாரம் ஒப்புக்கொள்ள வைப்பாள்.

முதல் ஹெட்போனை டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொன்றேன். விருதுநகரில் முதுகுப் பையோடு பஸ் ஏறினேன். திருத்தங்கலில் ஏறிய கூட்டம் என் மேல் சாய்ந்தது, நான் கம்பியின் மேல் சாய்ந்தேன். சிவகாசியில் இறங்கிப் பையைத் திறந்தால், வலது காதும் இடது காதும் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. இரண்டாவதை ரசத்தில் மூழ்கடித்தேன். துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டிக்கொண்டேன். நாலைந்து நாள் ஓடியது. என்ன பாட்டு போட்டாலும் மிளகு வாசம் வந்தது. அப்புறம் வாசம் மட்டும் வந்தது.

"இனிமே பாட்டு கேக்கணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, நானே பாடுறேன்" என்றாள் மனைவி. அன்றோடு எனக்குப் பாட்டுக் கேட்கும் ஆசை போய்விட்டது.

இத்தனைக்கும் என் பிழைப்பு என்ன தெரியுமா? சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன். 'பத்திரமாகக் கையாளவும்' என்ற வரியை இருபது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சிவப்பில், மஞ்சளில், கீழே கோடு போட்டு. ஊர் உலகமெல்லாம் அதைப் படித்துத் திருந்தியிருக்கலாம். எழுதியவன் படிக்கவில்லை.

இப்படிப்பட்ட என் கையில் மூன்றாவது ஹெட்போன் ஒன்று உயிரோடு சென்னை போய்ச் சேர்ந்தது என்றால், அதற்குக் காரணம் குலுக்கு அண்ணாச்சி. சத்தத்தை விற்றுப் பிழைக்கிற ஊரில், சத்தத்தைக் கண்டாலே ஆகாத ஒரே மனிதர் அவர்தான். இதை நான் எந்தக் கோயிலிலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அண்ணாச்சி பேக்கிங் போர்மேன். அம்பத்தைந்து வயது இருக்கும். கிஃப்ட் பாக்ஸ் என்று தீபாவளிக்கு விற்கிறார்களே, புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு எல்லாம் கலந்து கட்டிய பெட்டி, அது அவர் கையைத் தாண்டித்தான் லாரி ஏற வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து இடது காதுக்குப் பக்கத்தில் வைப்பார். குழந்தைக்குத் தொட்டில் ஆட்டுவதுபோல மெல்ல ஓர் ஆட்டு. உள்ளே எதுவும் அசைகிற சத்தம் கேட்டால் பெட்டி திரும்பிப் போகும். கட்டிய பெண் முதலிலிருந்து பிரித்து அடுக்க வேண்டும்.

இதைக் கம்பெனியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவருக்குப் பட்டப்பெயர் வந்திருக்காது. அண்ணாச்சி எதையும் குலுக்குவார். கடையில் தீப்பெட்டி வாங்கினால் குலுக்குவார். நிச்சயதார்த்த வீட்டில் இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுத்தால் குலுக்கிவிட்டு, "லட்டு அலையுது" என்பார். பேத்திக்கு யாரோ கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் அதைப் பிரித்து, உள்ளே காகிதம் அடைத்து, திரும்ப ஒட்டிவைத்துவிட்டாராம். பிள்ளை அதை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டுத் தாத்தாவைப் பார்த்து அழுததாகக் கேள்வி. அவருடைய செல்போன் வைப்ரேட்டரில் கிடந்து ஒருநாள் சட்டைப் பைக்குள் துடித்தபோது, அதை இரண்டு விரலால் வெளியே எடுத்துப் பிடித்து, "இதை யாரு சரியா அடைக்காம விட்டது?" என்று என்னைக் கேட்டார்.

நாங்கள் இருவரும் விருதுநகரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வருகிறவர்கள். அந்தப் பஸ்ஸில் ஆடிச் சத்தம் போடாத பாகம் ஹாரன் ஒன்றுதான், அதுவும் அடிக்காததால். அண்ணாச்சி டிக்கெட்டை நாலாக மடித்து, தான் உட்காரும் ஜன்னலின் இடுக்கில் செருகுவார். மறுநாள் வேறு ஜன்னல். இப்படியே வருடக்கணக்காகச் செருகியதில், டிக்கெட்டுகளை மட்டும் பிடுங்கிவிட்டால் அந்தப் பஸ் நடுரோட்டில் உதிர்ந்துவிடும் என்ற நிலைமை.

எங்கள் முதல் சந்திப்பும் அந்தப் பஸ்ஸில்தான். ரச சம்பவம் நடந்த அன்று. பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் என் மடியிலிருந்த பையை எடுத்தார், காதில் வைத்தார், ஆட்டினார்.

"தம்பி, உள்ள என்னமோ நீந்துது."

"ஒண்ணும் இல்லீங்க."

"ஆட்டும்போது நீந்துச்சு. இப்ப முங்கிருச்சு" என்று பையைத் திருப்பித் தந்தார். திறந்து பார்த்தேன். முங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதர்கள். அவர் பெயரை நான் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. என் போனில் அவர் 'குலுக்கு'. அவர் போனில் நான் என்னவாக இருக்கிறேன் என்று பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

மூன்றாவது ஹெட்போனுக்கு வருகிறேன். அது என் மகளுடையது. சென்னையில் படிப்பை முடித்துவிட்டு, ஹாஸ்டலில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள். பூஜை லீவுக்கு வந்தவள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போன் வந்தது.

"அப்பா, வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. ஆன்லைன்ல. பக்கத்துல கட்டடம் கட்டுறாங்க, விடாம டிரில் போடுறான். போன இன்டர்வியூல அவங்க கேட்ட கேள்விக்கெல்லாம் டிரில்தான் பதில் சொல்லுச்சு. அந்த ஹெட்போன் இருந்தா வெளிச் சத்தம் அவங்களுக்குப் போகாது. இதையும் விட்டுட்டேன்னா ஊருக்குத்தான் வரணும்."

"கவலைப்படாதம்மா. நானே கொண்டு வாரேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் டிரில் சத்தம் மட்டும் கேட்டது.

"கூரியர்ல போடுங்கப்பா" என்றாள்.

பெற்ற தகப்பனைவிட, முகம் தெரியாத கூரியர்காரரை நம்புகிறாள். ரோஷத்தை அடக்கிக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். சீசன் நேரம். பார்சல்கள் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தன. "வெள்ளிக்கிழமைக்குள்ள சென்னை போயிருமா?" என்று கேட்டேன். "எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லலியே" என்றார் அங்கே இருந்தவர், தலை நிமிராமல்.

வேறு வழியில்லை, நானேதான் ரயிலில் கொண்டுபோக வேண்டும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானம் நாரணாபுரத்துக்கு வரச் சொன்னார். "கம்பெனிக்குள்ள பேட்டரி சாமான் வரக் கூடாது. எதுத்த டீக்கடையில இருங்க."

சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அக்குளில் ஒரு காலிப் பெட்டி, ஒரு கையில் சணல், இன்னொரு கையில் காகிதக் கீற்று நிரப்பிய பை. டீக்கடை பெஞ்சைத் துடைத்துவிட்டு, ஹெட்போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே பாட்டா பாடும்?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப ஒண்ணு போதுமே."

"ரெண்டு காதுக்கும் கேக்கணும்ல. மாட்டிப் பாருங்க" என்று பெருமையாக ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவர் தலையில் மாட்டவில்லை. இடது பக்கத்தை மட்டும் இடது காதில் வைத்துக் கேட்டார்.

"இன்னொண்ணையும் வைங்க."

"அந்தக் காது கேக்காது தம்பி. லோடு வண்டியில ஒரு பெட்டி ஆடிக்கிட்டே வந்துச்சு, வெடிச்சிருச்சு. ரொம்ப வருசம் ஆச்சு" என்றார். பாட்டை நிறுத்தச் சொல்லி ஹெட்போனை என்னிடம் நீட்டிவிட்டுக் காகிதக் கீற்றை உதிர்க்க ஆரம்பித்தார். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற நான் டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

பிறகு வேலை நடந்தது. ஒயரைக் கழற்றினார். "ஒயர மாட்டியே வச்சா, இழுக்குற இழுப்புல குத்துற எடம் ஒடிஞ்சிரும்." சார்ஜரைப் பையிலிருந்த என் வேட்டி மடிப்புக்குள் தனியாகச் செருகினார், அதன் பல் ஹெட்போனின் பஞ்சு மெத்தையைக் குத்திவிடக் கூடாதாம். இரண்டு காதுகளையும் உள்பக்கமாகத் திருப்பி, ஒன்றை ஒன்று அமுக்காமல் நடுவில் ஒரு கைக்குட்டை. தலையில் மாட்டும் வளைவுக்குள் என் துண்டைச் சுருட்டி வைத்தார். "இதுதான் தலை. தலை இல்லாம இது நிக்காது. மேல கனம் விழுந்தா வளைஞ்சிரும்." கீழே கீற்று, பக்கத்தில் கீற்று, மேலே கீற்று. மூடி, சணலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு முடிச்சு. காதில் வைத்து ஆட்டினார். முகம் அமைதியானது.

அடுத்தது பை. செருப்பும் புத்தகமும் அடியில் போயின. துணி முதுகுப் பக்கம். நடுவில் பெட்டி, அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் சட்டைகள், மேலே ஒரு லுங்கி மட்டும். தண்ணீர் பாட்டிலை வெளியே உள்ள வலைப்பையில் வைத்தார். டிபன் டப்பாவை நான் உள்ளே வைக்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"சோறு கையில."

"கனமா இருக்கும் அண்ணாச்சி."

"இந்தப் பைக்குள்ள இனிமே சோறு போகக் கூடாது. கூட்டத்துல பைய முன்னாடி மாட்டுங்க, பின்னாடி வேண்டாம். சரி, குதிங்க."

"என்னது?"

"மாட்டிக்கிட்டுக் குதிங்க."

டீக்கடை வாசலில், சாப்பாட்டுக்கு வெளியே வந்த அத்தனை பேர் முன்னாலும் நான் குதித்தேன். அண்ணாச்சி இடது காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"என்னமோ ஆடுது."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு மறுபடி குதித்தேன்.

"இப்பவும் ஆடுது. தொப்பையா இருக்கும், அது பரவால்ல" என்று அனுப்பிவைத்தார்.

விருதுநகர் ரயில் நிலையத்துக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தேன். வண்டிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். தீபாவளி சமயம் என்பதால் வாசலில் சோதனை. மேசைக்குப் பின்னால் இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர், பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், ஒரு வாளி மணல். ஒளிக்க ஒன்றும் இல்லாத மனிதனின் கம்பீரத்தோடு பையைத் திறந்து காட்டினேன். லுங்கியை விலக்கினார். இருவரும் உள்ளே பார்த்தோம்.

பெட்டியின் மேல் ஒரு ராக்கெட் சீறிக்கொண்டு போய் ஏழு வண்ணத்தில் வெடித்துக்கொண்டிருந்தது. கீழே, 'குடும்பத்தோடு கொளுத்தி மகிழ 25 வகைப் பட்டாசுகள்'.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். எங்கள் வீடுகளில் பெட்டி என்றாலே பட்டாசுப் பெட்டிதான். அதில்தான் பிள்ளைகளின் பழைய புத்தகம், கொலுப் பொம்மை, ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம். பார்த்துப் பார்த்து, மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அண்ணாச்சிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரயில் நிலைய வாசலில் நிற்கும்போது நன்றாகத் தெரிந்தது.

"என்ன சார் இது?"

"ஹெட்போன் சார்."

"மேல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க."

"வாசிக்கவே வேண்டாம் சார், அதை எழுதினதே நான்தான்" என்றேன். உண்மை பேசினால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கான்ஸ்டபிள் பெட்டியை எடுத்து மேசையில், வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிரிங்க."

முடிச்சைப் பிடித்து இழுத்தேன். இறுகியது. பல்லால் இழுத்தேன். இன்னும் இறுகியது. கத்தி கேட்டேன். சோதனைக்கு வந்தவனிடம் யார் கத்தி கொடுப்பார்கள்? ஒலிபெருக்கியில் என் வண்டி சாத்தூரைத் தாண்டிவிட்டதாக அறிவிப்பு வந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"பிரிக்க முடியலைன்னா தண்ணியிலதான் போடணும் சார். ரிஸ்க் எடுக்க முடியாது."

ஒரு ஹெட்போனை ரசத்தில் முக்கியவன் நான். இது சுத்தமான தண்ணீர்தான். ஆனால் காலையில் பதினொரு மணிக்கு என் மகளுக்குப் பதிலாக டிரில் பேசும். "ஒரே ஒரு போன் சார்" என்று கெஞ்சி அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். போனைக் கையில் வாங்கிய கான்ஸ்டபிள் திரையில் 'குலுக்கு' என்று இருப்பதைப் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார்.

"யாரு பேசுறது? இந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

அண்ணாச்சியின் குரல் வெளியிலேயே கேட்டது. "ஹெட்போனு சார். காதுகிட்ட வச்சு லேசா ஆட்டிப் பாருங்க."

"வெடிப் பெட்டிய ஆட்டச் சொல்றீகளா?"

"ஆட்டுங்க சார். சத்தம் வராது."

கான்ஸ்டபிள் தயங்கி, பெட்டியைத் தூக்கி, ஆட்டினார். "வரல."

"வராது. வெடிய வச்சுக் கட்டியிருந்தாலும் வராது" என்றார் அண்ணாச்சி. இந்த உலகத்தில் எனக்காகச் சாட்சி சொல்ல இருந்தது ஒரே ஆள், அவரும் அரிச்சந்திரன்.

நான் ஹெட்போனுக்கு மனதுக்குள் காரியமே செய்துவிட்டேன். ஆனால் கான்ஸ்டபிள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. சணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதன் போக்கிலேயே தடவிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, நீங்க நாரணாபுரமா?"

"ஆமா."

"எங்க ஊரு தாயில்பட்டி. எங்கம்மா மொதல்ல நாரணாபுரத்துலதான் பேக்கிங் வேலைக்கு வந்துச்சு. ஒருத்தரு எங்கம்மாவ ஒரே பெட்டிய ஒம்பது தடவ பிரிச்சுக் கட்ட வச்சாருன்னு இன்னைக்கும் வஞ்சுக்கிட்டு இருக்கும்."

"பத்துத் தடவ. நல்லாருக்காகளா?"

கான்ஸ்டபிள் போனை மேசையில் வைத்தார். பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒளிந்திருந்த ஒரு நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். சணல் முழுவதும் பாம்பு இறங்குவதுபோல அவிழ்ந்து மேசையில் விழுந்தது. மூடியைத் திறந்தார். காகிதக் கீற்றுக்கு நடுவில், என் துண்டைத் தலையாக வைத்துக்கொண்டு, ஹெட்போன் அலங்காரம் முடிந்த அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வண்டி பிளாட்பாரத்துக்குள் வரும் சத்தம் கேட்டது. நான் அப்படியே வாரிக்கொண்டு ஓடப் போனேன். "இருங்க சார்" என்று நிறுத்தி, அவரே மூடி, அவரே சணலை ஓட்டி, அதே முடிச்சைப் போட்டார். லேபிளின் மேல் ஒரு பழைய நோட்டீஸைச் சுற்றினார். தன்னை அறியாமல் பெட்டியைக் காதுக்குக் கொண்டுபோய் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு என்னிடம் தந்தார்.

"அம்மா நல்லாருக்காகன்னு சொல்லிருங்க. ஓடுங்க. ரொம்ப ஓடாதீக, ஆடிரும்."

மறுநாள் காலை ஹாஸ்டல் வாசலில் மகள் பெட்டியைத் திறந்தாள். ஹெட்போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் ஹெட்போனைப் பார்த்தாள். "இதை யாருப்பா பேக் பண்ணது?" என்றாள். நானாக இருக்கும் என்ற சந்தேகம் அவளுக்கு ஒரு நொடிகூட வரவில்லை. பதினொரு மணிக்கு டிரில் தன் வேலையைச் செய்தது, அவள் தன் வேலையைச் செய்தாள்.

தீபாவளிக்கு வந்தவள் திரும்பும்போது ஹெட்போனை என்னிடமே கொடுத்துவிட்டாள். தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாளாம். "நீங்க வச்சுக்கோங்கப்பா" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்து" என்றாள்.

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளைக் கொஞ்ச நாளைக்கு மூடிவிடுவார்கள். அண்ணாச்சி பஸ்ஸுக்கு வரவில்லை. ஜன்னல் இடுக்குகளில் இருந்த டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, பஸ் முழுக்க லொடலொடவென்று ஆடியது. இந்தப் பஸ் இவ்வளவு ஆடும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. ஒருநாள் நானே டிக்கெட்டை மடித்து ஒரு ஜன்னலில் செருகிப் பார்த்தேன். நிற்கவில்லை.

அப்படி ஆடிக்கொண்டு போகும்போதுதான் மகளிடமிருந்து செய்தி வந்தது, வேலை கிடைத்துவிட்டதாக. உடனே அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினேன். அவள் வேலைக்குச் சேரப் போகிறாள் என்றேன். அதற்கு நீங்கள்தான் காரணம் என்றேன். உங்களை மாதிரி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை, நீங்கள் இல்லாமல் இந்தப் பஸ்ஸில் உட்கார முடியவில்லை, சீக்கிரம் கம்பெனியைத் திறக்கச் சொல்லுங்கள் என்றேன். இருபது வருடமாக லேபிள் எழுதுகிறவனுக்குக்கூட இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் வந்ததில்லை. மடியிலிருந்த பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

அண்ணாச்சி சொன்னார்: "பைக்குள்ள டிபன் டப்பா கரண்டி ஆடுது, எடுங்க."